நேர்கோட்டில் ஒன்பது மணி நேரம்

செப்டம்பர் 9, திங்கள்

இன்று ஒரு நகரம் கடலுக்குள் கிடந்தது. அட்சரேகைக்கு முன்னால் இருக்க வேண்டிய கழித்தல் குறி விட்டுப்போயிருந்தது. தூக்கிக் கரையில் வைத்தேன். இன்னொரு பக்கத்தில் ஒரே பெயருள்ள இரண்டு ஊர்களில் தவறான ஊரைப் பிடித்திருந்தது இயந்திரம். கண்டமே மாறிப்போயிருந்தது. இவற்றைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம்.

என்ன வேலை என்று யாராவது கேட்டால் சொல்லி முடிப்பதற்குள் களைத்துவிடுகிறேன். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எவ்வளவு தூரம், விமானத்தில் எவ்வளவு நேரம் என்று சொல்லும் இணையதளம். பக்கங்களை இயந்திரம் போடுகிறது, நான் சரிபார்க்கிறேன். நேரத்துக்கு ஒரு சூத்திரம் உண்டு: கிலோமீட்டரை எண்ணூறால் வகு, ஏற இறங்க அரை மணி கூட்டு. அவ்வளவுதான். அப்படி ஒரு விமானம் நிஜமாகவே பறக்கிறதா என்பது சூத்திரத்துக்குத் தெரியாது.

பறக்காத ஊர்களுக்கு "நேரடி விமானம் இல்லை" என்று ஒரு வரி போடலாமே என்று மறுபடியும் மேனேஜரிடம் கேட்டேன். என்னைவிட இருபது வயது இளையவள். நல்ல பெண்தான்.

"மேடம், 'இல்லை'ன்னு ஒரு வார்த்தையைப் பார்த்தா ஜனங்க பக்கத்தை மூடிட்டுப் போயிடுவாங்க."

"இருக்குன்னு நம்பிப் போனா?"

"போகமாட்டாங்க மேடம். சும்மா பார்க்கத்தான் வர்றாங்க."

இருக்கலாம். இன்று ஒரு பக்கத்தின் அடியில் ஒருவர் கேட்டிருந்தார்: "இந்த விமானத்தில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் முகத்தில் அடிக்காது?" இல்லாத விமானம். இடது பக்கம் என்று பதில் போடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பூகோளத்தில் முதுகலைப் பட்டம் வாங்கியவளுக்கு இப்படியும் ஒரு சபலம்.

செப்டம்பர் 11, புதன்

கால் வலி. வேறொன்றுமில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

அக்கா பேசினாள். ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகியும் விளையாட்டு டீச்சரின் குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை. விசில் இல்லாமலே விசில் அடிக்கிறாள்.

கர்ப்பப்பையில் கட்டி. இரண்டு மாதமாகத் தெரியுமாம். எனக்கு இன்றுதான் சொல்கிறாள்.

"என்ன கட்டிடி, ஒரு டென்னிஸ் பந்து அளவு. டாக்டர் எடுத்துடணும்கிறார். எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாத்தான் என்ன ரகம்னு தெரியுமாம்."

"எப்போ?"

"ரெண்டு தேதி கொடுத்தார். ரெண்டையும் வேண்டாம்னுட்டேன். கூட ஒரு ஆள் இல்லாம நான் போய் அங்க படுக்க மாட்டேன். அனாதைப் பொணமா நான்?"

நான் வருகிறேன், தேதி சொல் என்றேன். உடனே ஆரம்பித்துவிட்டாள். "வர்றதுதான் வர்றே, இந்தத் தடவையாவது நேரா வர்ற பிளேன்ல வா. நாலு காசு மிச்சம் பிடிக்கிறதுக்காக ரெண்டு ஊர் சுத்தி, மூஞ்சி தொங்கிப்போய் வந்து நிக்காதே. உன் கம்பெனியே போட்டிருக்கு — ஒன்பது மணி நேரம்னு. கஞ்சப்பிசினாரி."

அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம். 7,040 கிலோமீட்டர். 9 மணி 18 நிமிடம். சரிபார்த்ததும் நான்தான். தூரம் சரி. நேரமும் சூத்திரப்படி சரி. ஆனால் அந்த இரண்டு ஊர்களையும் இணைக்கும் நேரடி விமானம் ஒருநாளும் இருந்ததில்லை.

இதை அவளிடம் முன்பு ஒருமுறை சொல்லியிருக்கிறேன். "உங்க தளத்திலேயே போட்டிருக்கே, எனக்கே கதை விடறியா" என்றாள். அவளோடு வாதாடி ஜெயித்தவர் கிடையாது. கஞ்சம் என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வருகிறவளைக் கஞ்சம் என்று வைதால் என்ன, வந்துவிடத்தானே செய்கிறேன்?

செப்டம்பர் 13, வெள்ளி

மேனேஜரிடம் லீவு பற்றிச் சொல்லிவைத்தேன். தேதி தெரிந்தால் சொல்லுங்கள் என்றாள். என் கணவரிடமும் சொன்னேன். மருந்துக் கடைக்காரர் இல்லையா, அறிகுறிகளைக் கேட்டதும் இவர் முகம் மாறிவிட்டது. "சீக்கிரம் எடுத்துடறது நல்லது" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பினார்.

இருபத்திரண்டு வருஷத்தில் இவருடைய மௌனங்களை வகை பிரிக்கத் தெரிந்திருக்கிறது. இது நல்ல வகை இல்லை.

செப்டம்பர் 18, புதன்

எழுத்து கோணலாக வருகிறது. டாக்ஸி வர இன்னும் நேரம் இருக்கிறது. எழுதினால் நிதானம் வரும்.

மதியம் ஆபீஸில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது அக்கா கூப்பிட்டாள். உற்சாகமாக இருந்தாள். அதுதான் என்னை முதலில் பயமுறுத்தியது.

"நாளைக்குக் காலைல ஆபரேஷன். யாரோ ஒருத்தருக்குக் காய்ச்சல், வரலைன்னுட்டாங்களாம். அந்த இடம் எனக்கு. விட்டா இன்னும் ரெண்டு மாசம் ஆகும்னார். நான் சரின்னுட்டேன்!"

"நாளைக்கா?"

"கணக்குப் போட்டுட்டேன்டி. நீ சாயங்காலம் ஏறினா ஒன்பது மணி நேரம். விடியறப்ப இங்க இருப்பே. என்னை உள்ள தள்ளிட்டுப் போறதுக்கு முன்னாடி மூஞ்சியைப் பார்த்துடலாம். டாக்டர்கிட்டயும் சொல்லிட்டேன், என் தங்கச்சி ராத்திரியே கிளம்பி வந்துடுவான்னு. எவ்வளவு தூரம்னு கேட்டார். உன் பக்கத்தையே திறந்து காட்டினேன்."

உன் பக்கம்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன எதையும் அக்கா நம்பியதில்லை. நான் தேர்ந்தெடுத்த படிப்பை, புடவையை, இவரை — எதையுமே. இதை மட்டும் நம்பியிருக்கிறாள்.

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டுமா? சொன்னால் அந்த நிமிஷமே "வேண்டாம்" என்று டாக்டரிடம் சொல்லிவிடுவாள். இரண்டு தடவை செய்தவள். இன்னும் இரண்டு மாதம் போகும். இவருடைய முகம் நினைவுக்கு வந்தது.

"கிளம்பறேன்க்கா" என்றேன். அது பொய் இல்லை. கிளம்பத்தான் போகிறேன்.

கிடைத்த சீட்டு: இன்று இரவு ஏறி, இரண்டு இடத்தில் மாறி, நாளை மறுநாள் காலை. ஒருநாள் பிந்தி.

பிறகு செய்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது. அக்கா வீட்டு மேல்மாடியில் ஒரு பஸ் டிரைவரம்மா இருக்கிறார். தண்ணீர் மோட்டாரை யார் முதலில் போடுவது என்று இரண்டு வருஷச் சண்டை. இப்போது பேச்சுவார்த்தையே இல்லை. ஒருமுறை மோட்டார் ரிப்பேர் ஆனபோது அக்கா அவரோடு பேச மறுத்ததால், இங்கிருந்தே பேசி ஆள் அனுப்புவதற்காக அவர் நம்பரை நான் வாங்கி வைத்திருந்தேன். அந்தக் கட்டடத்தில் எனக்குத் தெரிந்த ஒரே நம்பர் அதுதான்.

விஷயத்தைச் சொன்னேன்.

"உங்க அக்காவா? என்னைப் பார்த்தா கதவை அறைஞ்சு சாத்துவாங்க, தெரியுமா?"

"தெரியும்."

"போன வாரம் என் செருப்பை மாடிப்படிலேர்ந்து கீழ தள்ளிவிட்டாங்க."

"அதுவும்... இருக்கும்."

"எத்தனை மணிக்கு உள்ள கூட்டிட்டுப் போறாங்க?" என்றார். "டிப்போல டியூட்டியை மாத்திக்கறேன். ஆனா நீங்க வரலைன்னு அவங்களுக்குத் தெரிஞ்சா எழுந்து நடந்து வீட்டுக்கு வந்துடுவாங்களே?"

அதனால்தான் சொல்லக் கூடாது என்றேன். "பொய் சொல்லச் சொல்றீங்க." ஆமாம். "படிச்சவங்க. சரி." — வைத்துவிட்டார்.

சிரிக்கவா அழவா தெரியவில்லை. டாக்ஸி வந்துவிட்டது. இவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே போகிறார்.

செப்டம்பர் 19, வியாழன்

முதல் ஊர். விமானம் மாறக் காத்திருக்கிறேன். நாற்காலிகளுக்கு நடுவே கைப்பிடி வைத்திருக்கிறார்கள், யாரும் படுத்துவிடக் கூடாதாம். எனக்கு எதிரே ஒரு தாய் குழந்தையைப் பெட்டியின் மேல் படுக்கவைத்து ஆட்டிக்கொண்டிருக்கிறாள். கைக்கடிகாரத்தில் எந்த ஊர் நேரம் இருக்கிறது என்று யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

டிரைவரம்மாவின் செய்தி இறங்கியதும் வந்தது. "உள்ள போயிட்டாங்க. நீங்க எங்கே எங்கேன்னு கேட்டுட்டே இருந்தாங்க. தங்கச்சி கீழ கவுன்டர்ல நிக்கறாங்க, க்யூ பெரிசுன்னு சொன்னேன். என்னைப் பார்த்து முறைச்சாங்க. ஆனா கையை விடலை."

"கையை விடலை" என்பதை நாலைந்து தடவை படித்தேன்.

என்னைப் போன்ற ஒருத்தி ஆயிரக்கணக்கான ஊர்களுக்கு நடுவே நேர்கோடு போட்டுவிட்டு, கைப்பிடி வைத்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். இதில் ஏதாவது தத்துவம் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. பசிதான் இருக்கிறது.

அதே நாள், இரண்டாவது ஊர்

ஆபரேஷன் முடிந்துவிட்டது. நினைவு வந்துவிட்டது. ஒரே வரிதான் வந்தது: "கேட்டாங்க. உண்மையைச் சொல்லிட்டேன். கோபமா இருக்காங்க."

நல்லது. கோபப்படத் தெம்பு இருக்கிறது.

செப்டம்பர் 20, வெள்ளி

வந்து சேர்ந்தேன். நேரே ஆஸ்பத்திரி.

வாசலில் பெட்டியோடு நின்ற என்னை டிரைவரம்மா அடையாளம் கண்டுகொண்டார். காக்கிச் சட்டை, குட்டையாக வெட்டிய முடி, கையில் அக்காவின் செருப்பு. "அதே மூக்கு" என்றார். டியூட்டிக்கு நேரமாகிவிட்டதாம். செருப்பை என்னிடம் கொடுத்துவிட்டு ஓடினார். நன்றி சொல்ல வாயெடுத்ததை அவர் முதுகுதான் கேட்டது.

அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் உள்ளே போனதும் திரும்பினாள், பார்த்தாள், மறுபடி சுவர். மைதானம் முழுக்கக் கேட்கும் குரல் உள்ளவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நர்ஸ் வந்து "இவங்கதான் ஒன்பது மணி நேரத் தங்கச்சியா?" என்று கேட்டாள். அக்கா வார்டு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாள்.

நாள் முழுக்கப் பேசவில்லை. தண்ணீர் கொடுத்தால் குடித்தாள். தலையணையை நகர்த்தினால் நகர்த்தவிட்டாள். அவ்வளவு மெலிந்துபோயிருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. போனில் குரல்தானே வருகிறது, உடம்பு வருவதில்லை.

செப்டம்பர் 21, சனி

இன்று பேசினாள். நான் நாற்காலியில் கண்ணசந்திருந்தேன்.

"நிஜமாவே நேரா வர்ற பிளேன் கிடையாதா?"

"கிடையாதுக்கா."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

"அப்ப உங்க ஆபீஸ்ல ஏன் போட்டிருக்கு?"

விளக்கினேன். எண்ணூறால் வகுப்பது, அரை மணி கூட்டுவது. விளையாட்டுப் போட்டியில் தப்பாட்டம் ஆடிய பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். மன்னித்துக்கொள் என்று சொல்லலாமா என்று இருந்தது. எங்கள் வீட்டில் அந்த வார்த்தை புழக்கத்தில் இல்லை.

"பொய் சொன்னியே, அதுக்கில்லடி" என்றாள். "மேல்மாடிக்காரி க்யூன்னு சொன்னப்பவே தெரியும். அவளுக்குப் பொய் சொல்லவே வரலை, காது சிவந்துடுச்சு. நானும் தெரிஞ்சுதான் உள்ள போனேன்."

"பின்னே என்ன கோபம்?"

கொஞ்ச நேரம் போர்வையின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள்.

"இத்தனை வருஷமா நீ கஞ்சம்னு நினைச்சுட்டு இருந்தேன். ஒரு அவசரம்னா காசை எடுத்து வீசிட்டு ஒன்பது மணி நேரத்தில வந்துடுவேன்னு. ராத்திரி நெஞ்சை அடைச்சாக்கூட விடிஞ்சா நீ இருப்பேன்னு படுத்துடுவேன். கஞ்சத்தனத்தைத் திட்டித் திருத்திடலாம். இதை என்னடி பண்றது? இவ்வளவு தூரத்திலயா இருந்தே?"

பூகோளம் படித்தவளைப் பார்த்துக் கேட்கிறாள்! ஏழாயிரத்து நாற்பது என்றா சொல்வது?

தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று வெளியே போய்க் குழாயடியில் நின்றேன். இவர் போனில் கூப்பிட்டார். "சாப்பிட்டியா?" என்றார்.

செப்டம்பர் 24, செவ்வாய்

வீட்டுக்கு அழைத்துவந்தோம். 'தோம்' — டிரைவரம்மாவும் நானும். மூன்றாவது மாடிக்கு லிஃப்ட் இல்லை. இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டோம். முதல் மாடித் திருப்பத்தில் அக்கா மூச்சு வாங்க நின்று, "மோட்டாரை ஆறரைக்குப் போட்டா ஆகாதா?" என்றாள். டிரைவரம்மா, "நான் அஞ்சரைக்கு டிப்போல இருக்கணும்" என்றார். "அப்ப அஞ்சுக்குப் போட்டுக்கோ." இரண்டு வருஷச் சண்டை முடிந்தது. எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. களைப்பு என்று வைத்துக்கொள்கிறேன்.

செப்டம்பர் 30, திங்கள்

அக்காவின் சாப்பாட்டு மேஜையில் கணினியை வைத்து வேலை செய்ய மேனேஜர் அனுமதித்துவிட்டாள். நல்ல பெண்தான் என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

முதல் வேலையாக அந்தப் பக்கத்தைத் திறந்து ஒரு வரி சேர்த்தேன்: "இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே நேரடி விமானம் இல்லை."

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். "கொட்டை எழுத்தில் போடு" என்றாள்.

அக்டோபர் 2, புதன்

வரியை எடுத்துவிட்டார்கள். நான் மேனேஜரிடம் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அக்டோபர் 3, வியாழன்

பரிசோதனை முடிவு வந்தது. நல்ல ரகம் இல்லை.

டாக்டர் நிதானமாகப் பேசினார். எடுக்க வேண்டியதெல்லாம் எடுத்தாகிவிட்டது, இந்த நேரத்தில் எடுத்தது நல்லதாயிற்று, இன்னும் தள்ளியிருந்தால் வேறு பேச்சு. இனி ஆறு தடவை மருந்து ஏற்ற வேண்டும், மூன்று வாரத்துக்கு ஒன்று. அக்கா கைகளைக் கட்டிக்கொண்டு, ஒரு மாணவியின் பெற்றோர் கேட்கிற மாதிரி, "பாஸ் ஆகுமா, ஆகாதா?" என்று கேட்டாள். "ஆகும்னுதான் நினைக்கிறேன், டீச்சர்" என்றார்.

திரும்பிவரும்போது பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "உனக்கு எப்ப டிக்கெட்?"

"பதினஞ்சாம் தேதி."

"சரி. கிளம்பு. மேல்மாடிக்காரி இருக்கா."

"ம்."

"சும்மா சொல்லலை. கிளம்பு."

அவள் சும்மா சொல்கிறாளா இல்லையா என்று வகை பிரிக்க எனக்குத் தெரியவில்லை. இவர் விஷயத்தில் தெரிகிறது. கூடவே இருந்தால்தான் அது வரும்போலிருக்கிறது.

அக்டோபர் 6, ஞாயிறு

போனில் இவரிடம் மருந்துகளின் பெயர்களைப் படித்துக் காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் என்ன ஆகும், எந்த நாளில் வாந்தி வரும், எந்த வாரத்தில் முடி கொட்டும் என்று கடையில் சொல்வதுபோல் சொன்னார். பிறகு குரல் மாறியது.

"அவங்களுக்குத் தனியா முடியாது."

"தெரியும்."

"எனக்குச் சமைக்கத் தெரியும். நாள் கணக்குப் போட்டுட்டு இருக்காதே."

இவ்வளவு நீளமாக இவர் போனில் பேசி நான் கேட்டதில்லை. தினமும் "எப்ப வர்றே?" என்று கேட்பார். இன்று கேட்கவில்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

விமானம் போயிருக்கும். நான் போகவில்லை. டிக்கெட்டைத் தள்ளிப்போட்டிருக்கிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். "கஞ்சம், பணம் போச்சே" என்றாள். ரொட்டியை இரண்டாகப் பிய்த்துப் பெரிய பாதியை என் தட்டில் போட்டாள்.

அக்டோபர் 29, செவ்வாய்

இரண்டாவது தடவை மருந்து. வாந்தி. முடி. எழுத ஒன்றுமில்லை.

நவம்பர் 14, வியாழன்

குளிர் ஆரம்பித்துவிட்டது. அக்காவின் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலை செய்கிறேன். அவளுக்கு அது இப்போது தொளதொளவென்று ஆகிவிட்டது, எனக்கு இறுக்கம்.

மதியம் பார்சல் வந்தது. டிரைவரம்மா மேலே தூக்கிக்கொண்டு வந்தார். இவர் அனுப்பியது. நான் கேட்கவில்லை. என் குளிர்காலச் சட்டைகள் எல்லாம் — அலமாரியின் மேல்தட்டில் இருந்தவைகூட — அவருக்கே உரிய கோணல் மடிப்பில். நடுவில் என் இன்னொரு கண்ணாடி, வலது கால் முட்டிக்குப் போடும் பட்டை.

"எத்தனை நாள்ல வந்துது?" என்று அக்கா கட்டிலிலிருந்து கேட்டாள். தலையில் துணி கட்டியிருந்தாள்.

"பன்னிரண்டு."

"உன்னைவிட மோசம்."

டிரைவரம்மா சிரித்தார். அக்கா ஒரு சட்டையை எடுத்து உதறி, சரியாக மடித்து, தன் அலமாரியில் கீழ்த்தட்டைக் காலி செய்யச் சொன்னாள். நான் காலி செய்தேன்.

சாயங்காலம் சரிபார்க்க வேண்டிய பக்கங்கள் வந்தன. ஒவ்வொரு ஜோடி ஊருக்கும் இரண்டு பக்கம் உண்டு, போக ஒன்று, வர ஒன்று. வரிசையில் மூன்றாவதாக இந்த ஊரிலிருந்து எங்கள் ஊருக்குப் போகும் பக்கம் நின்றது. திறக்காமலே எண்கள் தெரியும், அதே எண்கள்தான்.

அதை வரிசையின் கடைசிக்குத் தள்ளினேன். அக்கா வெந்நீர் கேட்டாள், எழுந்து போனேன்.